கேட்டதைக் கொடுங்கள்: அமெரிக்கக் குடியுரிமைக்கு ஒரு மருமகளின் கையேடு

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்பக்க அறையில் ஆறேழு பேர் கூடுவோம். எல்லாரும் பிள்ளைகளோடு இருக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பா அம்மாக்கள். கையில் கேள்வி பதில் தாள், கண்ணாடிக் கூடு, வெந்நீர் பிளாஸ்க். நியூ ஜெர்ஸியில் எங்கள் பகுதித் தமிழர்களுக்குக் குடியுரிமைத் தேர்வுப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சம்பளம் கிடையாது, யாராவது ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிடுவார்கள்.

ஆரம்பித்து வைத்தது என் மாமனார். தென்பாண்டிச் சீமையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 68 வயதில் பச்சை அட்டையோடு, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டோடு வந்தார். ஐந்து வருடம் ஆனதும் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: "ஏம்மா, அமெரிக்கன் ஆகணும்னா என்னவெல்லாம் விடணும்?"

நான் 2017-ல் குடியுரிமைப் பிரமாணம் எடுத்தவள். அவர் 2023-ல் எடுத்தார். இரண்டு தடவை இந்த வழியில் நடந்து, இப்போது வாரா வாரம் அடுத்தவர்களையும் நடத்திப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: இந்த நாடு எழுத்தில் கேட்பது கொஞ்சம். நம்மவர்கள் கேட்காததையெல்லாம் முதல் வருடமே தூக்கிக் கொடுத்துவிட்டு, கேட்டதைக் கடைசிவரைக்கும் தள்ளிப்போடுகிறார்கள். நான் வக்கீல் இல்லை. சிக்கலான கதை உள்ளவர்கள் குடியேற்ற வக்கீலிடம்தான் போக வேண்டும். மற்றவர்களுக்கு இது போதும்.

முதலில் தேதிக் கணக்கு

பச்சை அட்டை கிடைத்து 5 வருடம். அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு 3 வருடம். அந்த நாளுக்கு 90 நாள் முன்பே மனுப் போடலாம். மனுவின் பெயர் என்-400. இதை எழுதும்போது இணையத்தில் போட்டால் 710 டாலர், தாளில் போட்டால் 760. வருமானம் குறைவானவர்களுக்குச் சலுகை உண்டு, கேளுங்கள்.

அந்த 5 வருடத்தில் பாதி, அதாவது 30 மாதமாவது உடம்பு இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். பெற்றோர்கள் மாட்டிக்கொள்வது இதைவிட இன்னொரு விதியில். ஒரே பயணத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், நீங்கள் இங்கே குடியிருப்பது அறுந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். அறவில்லை என்று காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. ஒரு வருடம் தாண்டினால் கணக்கு முறிந்தே போகும். பேத்தி கல்யாணம், அப்படியே பொங்கல், அப்படியே சித்திரைத் திருவிழா என்று ஏழு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தவர்கள் என் வகுப்பிலேயே இரண்டு பேர்.

பயணத் தேதிகளை இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள். மனுவில் கடைசி 5 வருடப் பயணம் ஒவ்வொன்றும் கேட்பார்கள். மாமா தன் டிரெயின் ரிஜிஸ்டர் பழக்கத்தில் புறப்பாடு, வருகை இரண்டையும் மணி நிமிடத்தோடு எழுதி வைத்திருந்தார். அவருடைய மனுவை நிரப்ப எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. என்னுடையதற்குப் பழைய பாஸ்போர்ட் முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பார்த்து ஒரு வாரம் போனது.

பெயர்

தமிழர்களுக்கு இது தனி அத்தியாயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயரோடு வந்தவர்களுக்கு, விசா அடிக்கும்போது அந்தப் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. மாமா அப்படித்தான் வந்தார். பல் மருத்துவரிடம் போனால் வரவேற்பில் இருக்கும் பெண் சத்தமாக "ஃபுனூ?" என்று கூப்பிடுவாள். அவரும் எழுந்து போவார். "நாப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர்னு கூப்பிட்டாங்க, இப்போ இது" என்பார்.

என் கதை வேறு. அப்பா பெயர் குடும்பப் பெயரானது. அலுவலகம், வங்கி, பள்ளி எல்லா இடத்திலும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் கூச்சமாக இருந்தது. அவர் போன பிறகு, யாராவது அந்தப் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டால்கூட ஒரு நொடி நின்று கேட்கிறேன்.

என்-400 மனுவிலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். தனியாக வழக்குப் போட்டுக் கட்டணம் கட்டத் தேவையில்லை. ஆனால் பெயர் மாற்றம் கேட்டவர்கள் நீதிபதி நடத்தும் பிரமாண விழாவுக்குத்தான் போக வேண்டும். அதனால் சில இடங்களில் காத்திருப்பு நீளும். மாமா அந்த எஃப்என்யூ-வை ஒழித்து, தன் பெயரை முதலிலும் தன் அப்பா பெயரைப் பின்னாலும் முழுதாக எழுதிக்கொண்டார். அறுபது வருடம் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்த எங்கள் தாத்தா, அமெரிக்க நீதிமன்ற உத்தரவில்தான் விரிந்தார்.

எச்சரிக்கை ஒன்று. ஊரில் பட்டா, வங்கிக் கணக்கு, ஓய்வூதியப் புத்தகம் எல்லாம் பழைய பெயரில் இருக்கும். பெயர் மாற்றிய நீதிமன்றத் தாளை எப்போதும் கைவசம் வையுங்கள். இன்னொன்று, இது என் கருத்து: காபிக் கடையில் கோப்பையில் எழுத வசதியாக 'சாம்' என்று வைத்துக்கொண்ட பெயரை மனுவில் கொண்டுபோய் எழுதாதீர்கள். பெயரைச் சுருக்கு என்று மனு கேட்கவில்லை. அதிகாரி எழுத்தெழுத்தாகத்தான் சரிபார்ப்பார். எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவருக்கு அது வேலை.

'எப்போதாவது' என்று தொடங்கும் கேள்விகள்

மனுவின் பின்பாதி முழுக்க, நீங்கள் எப்போதாவது இதைச் செய்தீர்களா, அதைச் செய்தீர்களா என்று கேட்கும். இனப்படுகொலை, சித்திரவதை என்று வரிசையாகப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் இரண்டு இடத்தில் நிறுத்திப் படியுங்கள்.

முதலாவது, வாக்காளராகப் பதிந்தீர்களா, உங்களை அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா என்ற கேள்வி. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகும் இடத்தில், வாக்காளராகப் பதிய வேண்டுமா என்று வாய்ப்பாடு போலக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் 'எஸ்' சொல்லும் நம் மரியாதைப் பழக்கம் அங்கே வினையாகும். பச்சை அட்டைக்காரர் வாக்காளராகப் பதிவது பெரிய குற்றம். நாடு கடத்தல் வரை போகலாம். அப்படி ஏதாவது நடந்திருந்தால் மனுவே போடாதீர்கள், முதலில் வக்கீலைப் பாருங்கள்.

இரண்டாவது, கம்யூனிஸ்டுக் கட்சி. உலகத்தில் எங்காவது உறுப்பினராக இருந்தீர்களா என்று கேட்கும். தமிழ்நாட்டில் மில்லிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களில் எத்தனையோ பேர் இளவயதில் சிவப்பு அட்டை வைத்திருந்தவர்கள். என் வகுப்புக்கு வந்த ஒரு பெரியவர் இந்தக் கேள்வியைப் பார்த்துத் தாளை மடித்து வைத்துவிட்டார். சட்டம் முக்கியமாகப் பார்ப்பது மனுப் போடுவதற்கு முந்தைய 10 ஆண்டுகளை. நாற்பது வருடத்துக்கு முந்தைய உறுப்பினர் அட்டை கதவை மூடிவிடாது. அதை மறைத்துச் சொன்ன பொய் மூடிவிடும். அவர் வக்கீலைப் பார்த்து, உண்மையை எழுதிப் போட்டார். ரயில்வே சங்கத்தில் இருந்த என் மாமாவுக்கு அந்தக் கவலை இல்லை. சங்கம் வேறு, கட்சி வேறு.

மற்றதெல்லாம் சுருக்கமாக. போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கியிருந்தால் மறைக்காதீர்கள். வரி பாக்கி இருந்தால் கட்டுகிற ஏற்பாட்டைக் காட்டுங்கள். 18 வயதிலிருந்து 26 வரை இங்கே இருந்த பையன்கள் ராணுவச் சேவைப் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே பச்சை அட்டையோடு உங்களோடு வாழும் பிள்ளைகள், நீங்கள் குடிமகன் ஆனதும் தாமாகவே ஆகிவிடுவார்கள். அவர்களுக்குத் தனி மனு வேண்டாம்.

128 கேள்விகள்

அமெரிக்க வரலாறும் அரசாங்கமும் பற்றிய தேர்வு இது. மாமா கொடுத்தது பழைய தேர்வு. 100 கேள்வி, 10 கேட்பார்கள், 6 போதும். 2025 அக்டோபர் 20 முதல் மனுப் போட்டவர்களுக்கு 128 கேள்வி. அதில் 20 கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். 12 வந்ததும் நிறுத்திவிடுவார்கள். 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள். எழுதும் தேர்வு இல்லை, அதிகாரி வாயால் கேட்பார், நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு.

65 வயது ஆகிவிட்டால் தமிழில் சொல்லலாம் என்று ஒரு வதந்தி உலவுகிறது. 65 வயதோடு, பச்சை அட்டை வாங்கி 20 வருடமும் ஆகியிருந்தால்தான் அந்தச் சலுகை: 20 கேள்வி மட்டும் படித்து, 10-ல் 6 சொன்னால் போதும், சொந்த மொழியில் சொல்லலாம். 50 வயதும் 20 வருடமும், அல்லது 55 வயதும் 15 வருடமும் ஆனவர்களுக்கு ஆங்கிலம் தள்ளுபடி, கேள்விகள் முழுசு. 74 வயதில், வந்து ஆறே வருடமான மாமாவுக்கு ஒன்றும் கிடையாது. எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

மனப்பாடம் செய்வது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, மாமாவே வழி காட்டினார். உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள்? நவக்கிரகம், ஒன்பது. அரசியல் சட்டத்துக்கு எத்தனை திருத்தங்கள்? அசுவினி முதல் ரேவதி வரை, இருபத்தேழு. முதல் பத்துத் திருத்தங்களுக்கு உரிமைச் சாசனம் என்று பெயர், தசாவதாரம். செனட்டருக்கு எத்தனை வருடம்? ஆறுமுகம். அதிபருக்கு? நாலு வேதம். எந்த வயதில் வாக்கு? பதினெட்டாம் படி. பாளையங்கோட்டை அக்கா ஒருவர் பத்துக்கு மட்டும் பத்துக் கட்டளை என்று மாற்றிக்கொண்டார். கீழவையில் வாக்குள்ள உறுப்பினர் 435. அதற்கு எந்தச் சாமியும் அகப்படவில்லை. மாமா அதை ஒரு பாசஞ்சர் வண்டியின் நம்பராக வைத்துக்கொண்டார். "ஃபோர் தர்ட்டி ஃபைவ் அப்" என்பார், கையில் பச்சைக் கொடி இருப்பது போல.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். அமெரிக்க வரலாற்றை அமெரிக்கப் பிள்ளை மாதிரி படிக்க முயன்றால் மண்டையில் நிற்காது. அது பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தது. நமக்குக் கொக்கி மாட்ட நம் சுவரில் உள்ள ஆணிகள்தான் உண்டு. மார்ட்டின் லூதர் கிங் என்ன செய்தார் என்ற கேள்விக்கு வகுப்பில் எல்லாரும் தடுமாறுவார்கள். 1959-ல் இந்தியாவுக்கு வந்தவர், காந்தியின் வழியை இங்கே கொண்டுவந்தவர் என்று சொன்னதும் அடுத்த வாரம் மறக்காமல் சொல்கிறார்கள்.

ஆளுநர், செனட்டர், அவைத் தலைவர் பெயர்களைப் பழைய தாளில் படிக்காதீர்கள். நேர்காணல் அன்று யார் பதவியில் இருக்கிறாரோ அவர்தான் விடை.

புதிய பட்டியலில் ஒரு கேள்வி: நாட்டின் முதல் இலச்சினை வாசகமான 'ஈ ப்ளூரிபஸ் யூனம்' என்பதற்கு என்ன பொருள்? பலவற்றிலிருந்து ஒன்று. இதை வகுப்பில் சொன்னபோது, பழைய மாணவராகக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமா கேட்டார்: "அந்த ஒண்ணு கதம்பமா, பாயசமா?" கதம்பத்தில் கனகாம்பரம் கனகாம்பரமாகத்தான் இருக்கும். பாயசத்தில் வெல்லம் எங்கே போனது என்று தேட முடியாது.

இந்தச் சண்டை இந்த நாட்டுக்குப் பழையது. 1910-களில் மிச்சிகனில் ஃபோர்டு கார் கம்பெனி, புலம்பெயர்ந்து வந்த தன் தொழிலாளிகளுக்கு ஆங்கிலப் பள்ளி நடத்தியது. அதன் பட்டமளிப்பு விழா மேடையில் ஒரு கப்பல், அதன் முன்னால் பிரம்மாண்டமான அண்டா. தொழிலாளிகள் சொந்த ஊர் உடையும் மூட்டையுமாகக் கப்பலிலிருந்து இறங்கி அண்டாவுக்குள் போவார்கள். ஆசிரியர்கள் நீளமான கரண்டியால் கிண்டுவார்கள். அண்டாவிலிருந்து கோட்டு சூட்டோடு, கையில் அமெரிக்கக் கொடியோடு வெளியே வருவார்கள். நான் இதைச் சொல்லி முடித்ததும் மாமாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்: "உள்ளேயே துணி மாத்த இடம் இருந்ததா?"

நேர்காணல்

ஆங்கிலத் தேர்வு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தொடங்குவதில்லை. அதிகாரி உங்கள் பெயரைக் கூப்பிட்டு, தாழ்வாரத்தில் நடக்கும்போது "வண்டி ஓட்டிக்கொண்டு வந்தது எப்படி இருந்தது" என்று கேட்பாரே, அதுவும் தேர்வுதான். பதில் சொல்லுங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள். நம் தலையாட்டலில் ஆமாம் எது, இல்லை எது என்று அவர்களுக்குப் புரியாது.

வாசிக்க ஒரு வாக்கியம், எழுத ஒரு வாக்கியம். மூன்று வாய்ப்பில் ஒன்று சரியாக வந்தால் போதும். குடிமக்கள் வாக்களிக்கலாம் என்ற அளவில்தான் இருக்கும். கடினம் எங்கே என்றால், மனுவில் உள்ள பெரிய சொற்களுக்குப் பொருள் கேட்பதில். 'ஓத்' (பிரமாணம்) என்றால் என்ன? 'அலீஜியன்ஸ்' (விசுவாசம்) என்றால்? வெறும் 'எஸ்', 'நோ' மனப்பாடம் செய்தவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு சொல்லில் ஓர் எளிய ஆங்கில விளக்கம் தயாராக இருக்கட்டும்.

நாட்டுக்காக ஆயுதம் ஏந்தச் சம்மதமா என்று மாமாவிடம் கேட்டிருக்கிறார்கள். "சம்மதம் சார், எழுபத்தி நாலு வயசு, கொஞ்சம் லேசான துப்பாக்கியாக் குடுங்க" என்றாராம். அறைக்குள் நான் இல்லை. சொல்லும்போது கொஞ்சம் மெருகேற்றியிருப்பார். ஆனால் வெளியே வந்தபோது அந்த அதிகாரி சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிரமாணம்

வாசகத்தை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். நான் படிக்காமல் போனேன். பலவிதத் தலைப்பாகைகளும் தொப்பிகளும் முக்காடுகளுமாக நிறைந்த ஒரு கூடத்தில், இதுவரை நான் குடிமகளாக இருந்த எந்த வெளிநாட்டு இளவரசருக்கும், மன்னருக்கும், அரசுக்கும் உள்ள விசுவாசத்தை முற்றும் முழுதாகத் துறக்கிறேன் என்று வலக்கையைத் தூக்கிச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. மாமாவுக்கு அடைக்கவில்லை. அவர் அந்த வாசகத்தை இரண்டு வாரம் சிவப்புப் பென்சிலோடு படித்திருந்தார்.

"இதில் நம்ம பாஷை எங்கேயும் வரலையே. சோறு வரலை. வேட்டி வரலை. அரசாங்கத்தைத்தான் விடச் சொல்றான். விட்டுட்டாப் போச்சு" என்றார் காரில் போகும்போது.

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. அந்தப் பிரமாணம் கேட்பது: பழைய அரசு விசுவாசத்தைத் துறப்பது, அரசியல் சட்டத்தைக் காப்பது, சட்டம் கேட்டால் படையிலோ ஆயுதமில்லாத சேவையிலோ சிவில் வேலையிலோ நிற்பது. அவ்வளவுதான். உச்சரிப்பை மாற்றுவது, பிள்ளையிடம் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துவது, மீன் குழம்பு வாசனைக்கு வெட்கப்பட்டு மெழுகுவர்த்தி கொளுத்துவது, இதெல்லாம் நாமாக எழுதிச் சேர்த்துக்கொண்ட பின்னிணைப்பு.

அப்படிச் சேர்த்துக்கொடுத்தால் நம்மைக் கூடுதலாக ஏற்றுக்கொள்வார்கள் என்ற நினைப்புக்கு ஒரு பழைய வழக்கு பதில் வைத்திருக்கிறது. பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தவர், தலைப்பாகையோடு. நாட்டுக்காக ஆயுதம் ஏந்துவதை வாயால் சொல்லாமல் செய்தே காட்டியவர். 1923-ல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதன் புரிந்துகொள்ளும் பொருளில் அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்றது. ஏற்கெனவே குடிமக்களாகியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள். 1946-ல் லூஸ்-செல்லர் சட்டம் வந்த பிறகுதான் பொதுவாக இந்தியர்கள் குடிமக்கள் ஆக முடிந்தது. அதுவும் வருடத்துக்குச் சுமார் 100 பேர் குடியேறலாம் என்ற கணக்கில். நம் கூட்டம் கூட்டமான வருகைக்குக் கதவைத் திறந்தது 1965-ன் குடியேற்றச் சட்டம். நடையுடை பாவனை மாறியதால் திறந்த கதவு இல்லை அது. சட்டம் மாறியதால் திறந்தது.

விழாவில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சான்றிதழைக் கையில் வாங்கியதும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, உயரம் எல்லாவற்றையும் படியுங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் அதற்கு ஒரு மனு, ஒரு காத்திருப்பு.

கையில் ஒன்றும் இல்லாத வாரங்கள்

விழாவுக்கு நுழையும்போதே பச்சை அட்டையை வாங்கிக்கொள்வார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட் இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு அந்த ஒரிஜினல் சான்றிதழையே அனுப்ப வேண்டும். இந்தியக் குடியுரிமை, வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த கணமே சட்டப்படி தானாக முடிந்துபோகிறது. பழைய இந்தியப் பாஸ்போர்ட் மேசையறையில் இருக்கும். ஆனால் அதில் பயணம் செய்வது குற்றம். ஆக, சில வாரங்களுக்கு நீங்கள் எங்கேயும் போக முடியாத ஆள்.

பிரமாணம் எடுத்த 12-ஆம் நாள், திருநெல்வேலியில் அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது என்று தம்பி போன் செய்தான். நான் அன்றைக்குத்தான் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிதானமாக நிரப்பிக்கொண்டிருந்தேன். அவசர மருத்துவக் காரணம் என்றால் பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரில் முன்பதிவு கேட்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. மருத்துவமனைக் கடிதம், டிக்கெட் எல்லாம் காட்டிப் பாஸ்போர்ட் வாங்கி, பிறகு இந்திய விசாவுக்கு நின்று, போய்ச் சேரப் பதினோரு நாள் ஆனது. அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். "வர நாளாச்சேடி" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. சென்னை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றதை அவளிடம் நான் சொல்லவும் இல்லை.

அதனால்: பிரமாணத் தேதி தெரிந்ததுமே பாஸ்போர்ட் படமும் விண்ணப்பமும் தயாராக வையுங்கள். விழா முடிந்த அன்றோ மறுநாளோ கொடுத்துவிடுங்கள், கூடுதல் கட்டணம் கட்டித் துரிதமாக. அடுத்த இரண்டு மாதத்துக்குப் பயணம் எதுவும் வைக்காதீர்கள். பாஸ்போர்ட் வந்ததும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்குப் போடுங்கள். அது வாழ்நாள் விசா, குடியுரிமை இல்லை. வாக்கு கிடையாது, விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தில் பங்கு வருவதற்குத் தடையில்லை. ஒப்படைத்த பழைய பாஸ்போர்ட் ரத்து முத்திரையோடு திரும்பி வரும். தூக்கிப் போடாதீர்கள், உங்கள் பழைய பயணங்களுக்கு அதுதான் சாட்சி.

சில சபை மரியாதைகள்

பேரன் பள்ளியில் பேண்டு வாசிக்கிறான் என்று நவம்பர் குளிரில் கால்பந்து ஆட்டத்துக்குப் போனோம். மாமா தலையில் குரங்குக் குல்லாய். தேசிய கீதம் தொடங்கியதும் எல்லா ஆண்களும் தொப்பியைக் கழற்றினார்கள். அவர் குல்லாயைக் கழுத்துப் பட்டனிலிருந்து விடுவிப்பதற்குள் பாட்டு பாதி போய்விட்டது. தொப்பியைக் கழற்றி வலக்கையால் இடத்தோள் அருகே பிடிக்க வேண்டும் என்பது கொடிச் சட்டத்திலேயே உண்டு. மீறினால் தண்டனை ஒன்றும் இல்லை. குடிமக்கள் அல்லாதவர்கள் எழுந்து நேராக நின்றால் போதும். ஹாலோவீன் இரவில் வாசல் விளக்கு எரிந்தால் பிள்ளைகள் மிட்டாய் கேட்டு வருவார்கள், அணைத்திருந்தால் வரமாட்டார்கள். நன்றி நவிலும் நாளில் வான்கோழி கட்டாயமில்லை.

கொடி உறுதிமொழி பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. வகுப்புக்கு வரும் ஒரு பாட்டியின் பேரன், பள்ளியில் காலை உறுதிமொழிக்கு எழுந்து நிற்பதில்லை என்று வீட்டில் ஒரே பதற்றம். "நாமளே பொறம்போக்கு மாதிரி வந்து உக்காந்திருக்கோம், இவன் வம்பை விலைக்கு வாங்கறானே" என்று பாட்டி அழுதார். 1892-ல் எழுதப்பட்ட உறுதிமொழி அது. அந்தக் காலத்தில் கையைக் கொடியை நோக்கி நேராக நீட்டிச் சொல்வார்கள். ஹிட்லர் ஆட்களின் வணக்கம் போலத் தெரிகிறது என்று 1942-ல் நெஞ்சில் கை வைக்கும்படி மாற்றினார்கள். அடுத்த வருடமே, 1943-ல், மேற்கு வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: எந்தப் பள்ளிப் பிள்ளையையும் இதைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது. பேரன் சட்டம் தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறான் என்று பாட்டியிடம் சொன்னேன். "அப்போ அவன்தான் எங்க வீட்டுல அமெரிக்கன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபம் முழுதாகத் தீராமல்.

கேட்டது

பிரமாண மண்டபத்தின் வாசலிலேயே பல இடங்களில் வாக்காளர் பதிவுக்கு மேசை போட்டிருப்பார்கள். படமெடுக்கும் அவசரத்தில் அந்த மேசையைக் கடந்து போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அங்கேயே பதியுங்கள். நான் பதிந்தேனே தவிர, முதல் மூன்று வருடம் அதிபர் தேர்தல் தவிர வேறெதற்கும் போகவில்லை. ஊர் மன்றம், பள்ளி வாரியம், கவுன்டி ஆணையர் எல்லாம் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டேன். எங்கள் தெருவில் நடைபாதை போடாத பள்ளிச் சாலைக்கு யார் பொறுப்பு என்று மாமா கேட்டபோதுதான் எனக்குப் பதில் தெரியவில்லை. நியூ ஜெர்ஸியில் தேர்தலுக்கு முன் மாதிரி வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும். அவர் அதை ரயில்வே கால அட்டவணை மாதிரி விரித்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதி, இரண்டு கூட்டங்களுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடைபாதை இன்னும் வரவில்லை.

போன இளவேனிலில் அவருக்கு ஜூரி சம்மன் வந்தது, நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் குடிமக்கள் குழுவுக்கான அழைப்பு. வயது 76. எங்கள் மாநிலத்தில் 75 வயது நிறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று தாளிலேயே இருந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"வெச்சிரும்மா. கேட்டிருக்கான்ல."

சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார். காலை எட்டு மணிக்கு அழைத்ததற்கு ஏழே காலுக்கு நீதிமன்ற வாசலில் இறக்கிவிட்டேன். இரண்டு நாள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார், மதியத்துக்குத் தயிர் சாதமும் மாவடுவும். இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு வழக்குக்குக் கூப்பிட்டு, ஏதேதோ கேள்வி கேட்டு, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காரில் ஏறி பெல்ட் போடும்வரை ஒன்றும் பேசவில்லை.

"தள்ளிட்டாங்க. ஆனா பேரை முழுசாக் கூப்பிட்டாங்கம்மா" என்றார். பிறகு, "மறுபடி எப்போ கூப்பிடுவாங்க?"